என் வில்லுக்கு எந்த அம்பு: சோழவந்தான் தோப்பில் மூன்று மாதம்

மாசி மாதத்துக் கடைசி ஞாயிறு, காலை ஆறேகால் மணி. சோழவந்தானில் சித்தப்பாவின் தென்னந்தோப்பு. பழைய சேலைகளைத் திணித்துத் தைத்த இரண்டு சாக்குகளை வாய்க்கால் கரை மண்மேட்டில் சாய்த்து வைத்து, நாடா பிடித்து 18 மீட்டர் அளந்து நின்றேன். புது வில், புது அம்பு ஆறு. ஆறும் நான் பார்த்த இடத்துக்கு ஒரு முழம் இடப்பக்கம் போய்ச் செருகின. மறுபடி ஆறு, மறுபடி இடம். ஒன்றுக்கொன்று ஒரு சாண் தூரத்துக்குள்தான் இருந்தன.

அந்த ஒரு சாண்தான் என்னை யோசிக்க வைத்தது. கை பிசகினால் அம்புகள் சிதறும். இவை சிதறவில்லை, சேர்ந்தே விலகின. போதாததற்கு, நாணை விட்ட நொடியில் கைப்பிடிப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். வில்லைத் திருப்பிப் பார்த்தால், அம்பு உட்காரும் மேடைக்கு மேலே, பக்கச் சுவரில் கறுப்பாக ஒரு கீறல். அம்பு போகிற வழியில் வில்லை இடித்துக்கொண்டே போகிறது.

வில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 62 அங்குல ரீகர்வ், அதாவது நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்; கைப்பிடி ஒன்று, மேலும் கீழும் கழற்றி மாட்டும் கைகள் இரண்டு. கடைகளில் இதை ஹன்டிங் ரீகர்வ் என்றுதான் விற்கிறார்கள். குறிபார்க்கும் கருவி கிடையாது, நீட்டிக்கொண்டு நிற்கும் எடைக் கம்பிகள் கிடையாது. அம்பு நேரடியாகக் கைப்பிடியின் மேடையில் உட்காரும். மரங்களுக்கு நடுவே, தூரம் சொல்லாமல் வைத்த இலக்குகளை நடந்து நடந்து எய்வதற்கு இந்த மாதிரி வில் அவ்வளவு சுகம். நான் வாங்கியது அதற்காகத்தான்.

ஹன்டிங் என்ற பெயரைக் கேட்டதுமே பக்கத்துத் தோப்பு அண்ணன் வந்து நின்றார். "தம்பி, மயிலு வந்து நெல்லப் பூராம் கொத்திட்டுப் போகுது. ஒண்ணு ரெண்டு அம்பு விட்டுப் பாரேன்" என்றார். அவருடைய நஷ்டம் உண்மைதான், எனக்கும் தெரியும். ஆனால் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆயுதம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லி வருகின்றன. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் வில்லோடு நுழைவதே குற்றம். அவரிடம் அதைச் சொன்னேன், பயிர்ச் சேதத்தை வனத்துறையில் எழுதிக் கொடுங்கள் என்றும் சொன்னேன். இங்கே எழுதப்போவது எல்லாம் சாக்கு மூட்டைக்கும் வைக்கோல் கட்டுக்கும் எய்கிற அம்பைப் பற்றித்தான். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் அம்பு தேர்ந்தெடுக்கப் பின்பற்றும் கணக்குகள் எனக்கும் பயன்பட்டன. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

சரி, தப்பு எங்கே நடந்தது? வில்லின் மேல் 40 பவுண்டு என்று எழுதியிருந்தது, நாணை இழுக்க அவ்வளவு விசை வேண்டும் என்று பொருள். அம்பு விற்றவரிடம் அதைச் சொன்னேன். "வேட்டை வில்லா? அப்ப 400 எடுத்துக்கங்க, நல்லா ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார். கனமான வேலைக்கு உறுதியான சாமான் என்று எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அம்பு விஷயத்தில் அந்த நியாயம் செல்லாது.

அந்த 400 என்பது தண்டின் விறைப்பு எண். ஸ்பைன் என்பார்கள். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் படுக்க வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பார்கள். 0.400 அங்குலம் தொய்ந்தால் 400. 0.600 அங்குலம் தொய்ந்தால் 600. எண் கூடக் கூடத் தண்டு இளகல், எண் குறையக் குறைய விறைப்பு. புதிதாக வருகிற எல்லோரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு. அலுமினியத் தண்டுகளில் எழுதியிருக்கும் எண் வேறு கணக்கு: 2016 என்றால் வெளி விட்டம் 64இல் 20 பங்கு அங்குலம், சுவர்த் தடிப்பு 0.016 அங்குலம். அது அளவைச் சொல்லும், தொய்வை நேரடியாகச் சொல்லாது.

தண்டு வளையாமல் நேராகப் போக வேண்டியதுதானே, எதற்கு இளகல் என்று தம்பி கேட்டான். சித்தப்பா பையன், இந்த மூன்று மாதமும் கூடவே இருந்தவன். அவனுக்குக் காட்டியதையே இங்கும் சொல்கிறேன். நாண் விரல்களை விட்டு உருளும்போது நேராக முன்னால் போவதில்லை, முதலில் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். பின்னாலிருந்து தள்ளுகிற அந்த வேகத்தில் அம்பு வில்லாக வளையும். முனையின் கனம் உடனே நகர மறுப்பதால் நடுவுடம்பு பிதுங்கும். வளைந்த அம்பு மறுபக்கம் வளைந்து, திரும்பவும் இந்தப் பக்கம் வளைந்து, சாரைப்பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே கைப்பிடியைச் சுற்றிக் கடந்துவிடும். வால் பகுதி கைப்பிடியைத் தாண்டும் நேரத்தில் அது வில்லை விட்டு வெளிப்பக்கமாக விலகியிருக்க வேண்டும். அந்த நேரம் பொருந்தினால் அம்பு வில்லைத் தொடாமல் வெளியேறி, கொஞ்ச தூரத்தில் நெளிவு அடங்கி நேராகிவிடும். தண்டு அதிக விறைப்பாக இருந்தால் வளைவு போதாது. வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அம்பு இடப்பக்கம் போகும், வில்லையும் இடிக்கும். அளவுக்கு மீறி இளகலாக இருந்தால் வலப்பக்கம் போகும். என் 'டக்' சத்தத்துக்கும் கீறலுக்கும் காரணம் அந்த அதிக விறைப்புதான்.

அடுத்த வாரம் புது அம்பு வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு முன் வில் உண்மையில் என் கையில் எத்தனை பவுண்டு என்று பார்ப்போமே என்று தோன்றியது. நல்லவேளை.

வில்லில் எழுதிய 40 பவுண்டு, 28 அங்குலம் இழுத்தால் வருவது. நான் எவ்வளவு இழுக்கிறேன்? இரண்டு கையையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து 2.5 ஆல் வகுத்தால் தோராயமாக வரும். எனக்கு 67 அங்குலம், வகுத்தால் 26.8. தோராயத்தை நம்பாமல் இன்னொன்றும் செய்தோம். துணி காயப்போடும் கிளிப் ஒன்றை அம்பின் மேல், கைப்பிடிக்கு முன்பக்கம் ஒட்டினாற்போல் மாட்டினேன். நாணை வழக்கமாக இழுக்கும் இடம் வரை இழுத்து, அப்படியே விடாமல் மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்தேன். அம்பு பின்னால் வரும்போது கைப்பிடி கிளிப்பைத் தடுத்து நிறுத்தும், கிளிப் தண்டில் வழுக்கி முன்னால் போய் நிற்கும். நாண் உட்காரும் பிளவிலிருந்து கிளிப் வரை அளந்தால் இழுப்பு நீளம். ஐந்து தடவை செய்ததில் நான்கு தடவை 27, ஒரு தடவை 27 கால். யாரும் பக்கத்தில் நின்று பேனாவால் குறிக்க வேண்டாம், இழுப்பவரும் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். பார்க்கத் திரும்பினாலே இழுப்பு மாறிவிடும், அதனால் இந்தக் கிளிப் வித்தை எனக்கு ரொம்பப் பிடித்தது.

பயணப் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசின் கொக்கியை நாணில் மாட்டி 27 அங்குலம் வரை இழுத்தோம். 17 கிலோ. பவுண்டில் 37.5. 40 பவுண்டு என்று நான் கடையில் சொன்னதே தப்பு. ஒரு அங்குலக் குறைவுக்கு இரண்டரைப் பவுண்டு போய்விட்டது.

தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் இந்த எடைக்கும், 29, 30 அங்குல கார்பன் தண்டுக்கும், 125 கிரெய்ன், அதாவது சுமார் 8 கிராம் முனைக்கும் 600 பக்கம்தான் காட்டுகிறது. அட்டவணை ஊர் வரை கொண்டு விடும். வீட்டுக் கதவை நாமேதான் தேடித் தட்ட வேண்டும். 600 எண் தண்டு பன்னிரண்டு, வெட்டாத முழு நீளம் 31 அங்குலம், இறகு ஒட்டாமல் வெறுமையாக வாங்கினேன். வெட்டி ஒட்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். நீளம்தான் என் கையில் மிச்சமிருந்த பிடி.

தண்டுகள் வரும் வரை சும்மா இருக்க முடியவில்லை. விறைப்பு பார்க்கும் தாங்கி ஒன்று செய்தோம். மூன்றடித் தேக்குச் சட்டம், அதில் இரண்டு சிறு பால் பேரிங்குகள், நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி சரியாக 711 மில்லிமீட்டர். எங்கள் தெரு முனை லேத் பட்டறை அண்ணன் பேரிங் உட்காரும் இரண்டு கம்பிகளைக் கடைந்து கொடுத்து, நுண்ணிய நகர்வை அளக்கும், காந்த அடி வைத்த டயல் கேஜ் ஒன்றையும் ஒரு வாரத்துக்குத் தந்தார். எடைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். மளிகைக் கடைத் தராசில் வைத்து, கொக்கியோடு சேர்த்து 880 கிராம் வரும் வரை மணல் போட்டோம். நடுவில் சித்திரைத் திருவிழா வந்து பட்டறை பூட்டிக் கிடந்தது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகுதான் டயல் கேஜ் கைக்கு வந்தது. நானும் அந்த வாரம் தல்லாகுளம் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தேன், அதனால் குறையில்லை.

முதலில் வாங்கிய 400 தண்டுகள் 10.2 முதல் 10.5 மில்லிமீட்டர் வரை தொய்ந்தன. 0.400 அங்குலம் என்பது 10.16. ஆக விற்றவர் கொடுத்த சரக்கு அசல்தான், என் வில்லுக்குத்தான் அது ஆகாது. 600 தண்டுகள் 15.0 முதல் 15.9 வரை. 15.24 இருக்க வேண்டியது. பன்னிரண்டில் ஒன்பது 15.1க்கும் 15.4க்கும் நடுவே அடங்கின, மூன்று தள்ளி நின்றன. அந்த மூன்றையும் தனியாகக் கட்டி வைத்தேன். ஒரே தண்டையே தாங்கியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது ஒரு பக்கம் கொஞ்சம் விறைப்பாகவும் கால் சுற்றுத் தள்ளினால் இளகலாகவும் இருந்தது. விறைப்பான பக்கத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து, எல்லா அம்பிலும் அந்தப் பக்கமே வில்லை ஒட்டி வருமாறு பின்னால் பொருத்தினேன். இந்த அளவு நுணுக்கம் என் கைக்குத் தெரியுமா என்றால், தெரியாமலும் இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு தண்டுக்கு அரை மணி நேரம்தான் ஆனது.

தாங்கி தயாரானதும் தம்பிக்கு மூங்கில் ஆசை வந்துவிட்டது. நம் நாட்டில் இந்தியன் ரவுண்ட் என்ற போட்டிப் பிரிவே மூங்கில் வில்லுக்கும் மர அம்புக்கும் இருக்கிறது, நாமும் செய்தால் என்ன என்றான். மூங்கில் கடையில் நேராகத் தெரிந்த மெல்லிய கல்மூங்கில் குச்சிகள் பன்னிரண்டு பொறுக்கிக்கொண்டு வந்தோம். கணுக்களைச் சீவி, அடுப்புத் தணலில் காட்டி வளைவு எடுத்தான். பார்வைக்குப் பன்னிரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. தாங்கியில் வைத்தால் ஒன்று 9 மில்லிமீட்டர், இன்னொன்று 19. ஒரு மில்லிமீட்டருக்குள் சேர்ந்தவை மூன்றே மூன்று. பழைய காலத்தில் கண்ணாலும் கையாலும் வளைத்துப் பார்த்தே ஒரு கட்டு அம்பு சேர்த்தவர்களின் விரல்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று அன்று நினைத்தேன். அந்த மூன்று குச்சியும் தாங்கிப் பக்கத்தில் நிற்கின்றன. அடுத்த குளிர்காலத்தில் அவற்றுக்குத் துணை தேட வேண்டும்.

இனி எடை. அம்பு எடையை கிரெய்ன் என்ற அளவில் சொல்வது வழக்கம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிராமுக்கு 15.43. வீட்டுத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே பேசாது. தெற்கு ஆவணி மூல வீதியில் எங்களுக்குப் பழக்கமான நகைப் பட்டறைக்குப் போனேன். ஆசாரி, மேலே கண்ணாடிக் கூண்டு வைத்த தராசில் 0.01 கிராம் வரை பார்த்துச் சொன்னார். தண்டு குறுக்கே நீட்டிக்கொண்டு கூண்டில் இடித்ததால், ஒரு சிறு கிண்ணத்தை வைத்து அதன் மேல் நிறுத்திப் பார்த்தோம். கிரெய்ன் என்றால் என்ன என்று கேட்டார். தானிய மணியிலிருந்து வந்த அளவு என்றேன். "நமக்குக் குன்றிமணி மாதிரி" என்று ஒரு டப்பாவைத் திறந்து சிவப்புக் கறுப்பு மணிகளைக் காட்டினார். ஒரு குன்றிமணி ஏறத்தாழ 0.12 கிராம், கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன். அவர் அப்பா காலத்தில் பட்டறையில் அதைப் போட்டு நிறுத்தார்களாம்.

வேலையைச் சுலபமாக்கியது அன்று நிறுத்த இன்னொரு விஷயம். நான்கு அங்குல இறகு மூன்று சேர்ந்து 0.58 கிராம், அதாவது 9 கிரெய்ன். அதே 0.58 கிராம் வரும்படி இன்சுலேஷன் டேப் துண்டுகள் இரண்டு வெட்டி எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கீழே வரும்.

சரியான விறைப்பைக் கண்டுபிடிக்க நான் நம்பியது வெறும் தண்டுச் சோதனையை. இறகுள்ள அம்பு தப்பாகக் கிளம்பினாலும் இறகு அதைத் திருத்திவிடும். இறகில்லாத அம்பைத் திருத்த யாரும் இல்லை, அது உண்மையைச் சொல்லும். மூன்று தண்டுக்கு இறகு ஒட்டினேன், இரண்டை வெறுமையாக விட்டேன். வெறும் தண்டின் வாலில் அந்த டேப்பைச் சுற்றினேன், இறகின் கனம் மட்டும் இருக்கும், வேலை இருக்காது. வால் கனம் கூடினாலே தண்டு கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு.

அதற்கு முன் வில் நிலையாக இருக்க வேண்டும். நாணுக்கும் கைப்பிடியின் ஆழமான இடத்துக்கும் நடுவே 7 முக்கால் அங்குலம் வைத்துக்கொண்டேன், நாணை முறுக்கினால் கூடும், முறுக்கவிழ்த்தால் குறையும். ஒவ்வொரு ஞாயிறும் முதலில் அதை அளந்த பிறகுதான் அம்பைத் தொட்டேன். நாணில் அம்பு பூட்டும் புள்ளியை மேடைக்குச் செங்குத்து மட்டத்திலிருந்து அரை அங்குலம் மேலே கட்டினேன். முதல் சோதனையில் வெறும் தண்டு இறகு அம்புகளுக்கு மேலே போய்ச் செருகியது. புள்ளி தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். அரைக்கால் அங்குலம் ஏற்றினேன், உயரம் சரியாகிவிட்டது. உயரத்தைச் சரிசெய்யாமல் இட வலத்தைத் தொடக்கூடாது. அம்பின் வால் மேடையில் அடித்தால் இட வலக் கணக்கும் பொய் சொல்லும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. முதலில் 10 மீட்டரில், வெறும் தண்டு எங்கே போகும் என்று தெரிந்த பிறகு 18 மீட்டரில். 31 அங்குலத்தில் வெறும் தண்டுகள் இறகு அம்புகளுக்கு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வலப்பக்கம் போயின. இளகல். எனக்குச் சந்தோஷம். விறைப்பாக இருந்தால் தண்டை நீட்ட முடியாது, இளகலாக இருந்தால் வெட்டலாம். நீளம் குறையக் குறையத் தண்டு விறைக்கும். முனையின் எடையைக் குறைத்தாலும் விறைக்கும், கூட்டினால் இளகும். 400 அம்புகளில் 145 கிரெய்ன் முனை போட்டு இளக வைக்க முயன்றிருந்தேன். நாலு விரல் வலப்பக்கம் நகர்ந்ததோடு சரி.

வெட்டுவதை வால் பக்கம் வைத்துக்கொண்டேன். நாண் உட்காரும் பிளவுள்ள பிளாஸ்டிக் நாக் கையாலேயே கழன்று வரும், முனையைத் திருகி மாட்டுவதற்காக முன்பக்கம் ஒட்டிய அலுமினிய இன்சர்ட்டைத் தொட வேண்டாம். முதலில் அரை அங்குலம், மறுபடி அரை, பிறகு கால் கால் அங்குலம். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மூன்று சுற்று எய்து, நோட்டில் எழுதி, அதன் பிறகே அடுத்த வெட்டு. 30 அங்குலத்தில் ஒரு சாண் வலம். 29 முக்காலில் அதில் பாதி. 29 அரையில் மூன்று விரல். 29 காலில் வெறும் தண்டு இரண்டும் இறகு அம்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தன. தம்பி ஓடிப்போய்க் கையை விரித்து அளந்தான், ஐந்து அம்பும் அவன் உள்ளங்கையும் விரல்களும் மூடுகிற இடத்துக்குள். 'டக்' சத்தம் இல்லை. நாணின் அதிர்வும் தென்னை ஓலையின் சலசலப்பும்தான் கேட்டன. மறு ஞாயிறும் அதேபோல் வந்த பிறகுதான் மற்றத் தண்டுகளை அந்த நீளத்துக்கு வெட்டினேன்.

கார்பனை வெட்டும் விதத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்பு ரம்பமோ பைப் வெட்டும் சக்கரமோ கூடாது, இழை பிரிந்துவிடும். வேகமாகச் சுழலும் மெல்லிய உரசு வட்டுதான் வேண்டும். முகமூடி, கண்ணாடி, திறந்த வெளி, தண்டின் மேல் ஈரத்துணி. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது. வெட்டிய முனையை ஈர உப்புத்தாளில் தேய்த்து, பேரிங் மேல் சுழற்றிச் சதுரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் இரண்டு கையாலும் லேசாக வளைத்து, முறுக்கி, காதருகே வைத்துக் கேட்கிற பழக்கமும் வேண்டும். நொறுநொறு என்று சின்னச் சத்தம் வந்தாலும் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுவது நல்லது. விரிசல் விட்ட கார்பன் நாணின் அடியில் சிதறினால் வில் பிடித்த கைக்குள் ஏறிவிடும். கல்லில் பட்ட ஒரு அம்பை அப்படித்தான் உடைத்தேன். பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு பாடம் கத்திரி வெயில் தந்தது. முதல் இன்சர்ட்டுகளைச் சாதாரணப் பசைக்குச்சியை உருக்கி ஒட்டியிருந்தேன். ஒரு நாள் அம்புகளை வண்டியில் கட்டியபடி வெயிலில் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டேன். கறுப்புத் தண்டு, மதுரை மே மாதம். சாக்கிலிருந்து அம்பை உருவினால் தண்டு மட்டும் வந்தது, முனையும் இன்சர்ட்டும் சேலைக்குள் தங்கிவிட்டன. நான்கு அம்பு இப்படி. முனைகளைத் தேட மூட்டையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு தண்டின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, இரண்டு குழாய் கலக்கும் அரால்டைட் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டேன். இதுவரை ஒன்றும் கழலவில்லை. கழற்ற நினைத்தால் சிரமம், சூடு காட்டினால் கார்பன் கெடும். நீளம் முடிவான பிறகு மட்டும் இந்தப் பசைக்குப் போக வேண்டும்.

இறகு, பிளாஸ்டிக் இரண்டில் மேடையிலிருந்து நேரடியாக எய்கிற வில்லுக்கு இறகுதான். போகிற வழியில் மேடையில் பட்டால் இறகு மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் உதைக்கும். மழையில் இறகு நனைந்து படுத்துவிடும் என்பார்கள். சோழவந்தானில் அந்தக் கவலை வருடத்தில் சில வாரம்தான். ஒரே அம்பில் இடச் சிறகு இறகையும் வலச் சிறகு இறகையும் கலக்கக்கூடாது, சுழற்சி ஒன்றையொன்று கெடுக்கும். நாக் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே. அம்பை நாணில் பூட்டித் தொங்கவிட்டால் நிற்க வேண்டும், நாணை விரலால் சுண்டினால் விழ வேண்டும்.

முடிந்த அம்பின் கணக்கு இது. தண்டு 213 கிரெய்ன், முனை 125, இன்சர்ட் 16, நாக் 9, இறகு 9. மொத்தம் 372, ஆசாரியின் தராசில் 24.1 கிராம். 37.5 பவுண்டு வில்லுக்கு இது பவுண்டுக்கு 9.9 கிரெய்ன். வேட்டை நடக்கும் நாடுகளில் இந்த மாதிரி வில்லுக்கு எட்டிலிருந்து பத்து வரை வைத்துக்கொள்கிறார்கள். கனமான அம்பு மெதுவாகப் போனாலும் வில்லின் விசையை அதிகமாக வாங்கிக்கொள்ளும், சத்தம் குறையும், பட்ட இடத்தில் ஆழமாக இறங்கும். எனக்கு ஆழம் தேவையில்லை. வில்லுக்கு நல்லது என்பதால் அதே அளவை எடுத்துக்கொண்டேன். அம்பு மிகவும் லேசாக இருந்தால் அம்பே இல்லாமல் நாணை விட்ட மாதிரி வில் அடி வாங்கும். சமநிலைப் புள்ளி வாலிலிருந்து 19 அரை அங்குலத்தில் நின்றது. நடுவிலிருந்து 4.875 அங்குலம் முன்னால், நீளத்தில் 16.7 சதவீதம். முன்கனம் கொஞ்சம் அதிகம், தூரத்தில் சீக்கிரம் தாழும். என் தோப்பில் 30 மீட்டருக்கு மேல் தென்னை மரம் மறைத்துவிடும், அதனால் மாற்றவில்லை.

பிராட்ஹெட் எனும் அகலக் கத்தி முனைகளையும் அதே கடையில் நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். சாக்கைக் கிழிக்கும், உருவுகிற கையை அறுக்கும், இங்கே அதற்கு எந்த வேலையும் இல்லை. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் அதைப் போடும்போது பயிற்சி முனையும் அதே எடையில்தான் வைத்துக்கொள்கிறார்கள். எடை மாறினால் நான் மூன்று மாதம் பார்த்த பொருத்தம் ஒரு நொடியில் போய்விடும்.

ஒன்பது அம்பையும் நிறுத்து, எடை நெருங்கியவற்றை மூன்று மூன்றாகப் பிரித்தேன். மிகக் கனமானதற்கும் மிக லேசானதற்கும் வித்தியாசம் 0.3 கிராம். ஒவ்வொரு தண்டிலும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எண், தொய்வு, எடை எழுதியிருக்கிறேன். 400 அம்புகள் 55 பவுண்டு வில் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குப் போய்விட்டன, அவருக்கு அவை நேராகப் போகின்றன. தம்பி சொந்தமாக 30 பவுண்டு வில் ஒன்று வாங்கியிருக்கிறான். அம்பு எந்த எண் என்று நேற்று இரவு போன் செய்து கேட்டான். ஞாயிறு காலை துணிக் கிளிப்பும் பெட்டித் தராசும் எடுத்துக்கொண்டு வா, முதலில் உன் இழுப்பை அளப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.